எங்க வீட்டு வருமானத்துக்கு என்ன சாட்சி? – கல்விச் செலவு கேள்வி பதில்

பல்கலைக்கழக இடம் யாருக்குக் கிடைத்தது என்ற முடிவு வெளியான மறுநாளிலிருந்து இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். முதல் வரியில் சந்தோஷம், இரண்டாவது வரியில் பணம். முப்பது வருடம் இடைநிலைப் பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருந்துவிட்டு, இப்போது சனிக்கிழமைதோறும் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிறை பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பவன் நான். அதனால் இந்த மாதம் மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு, படிப்புச் செலவு பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மகளுக்கு யுபியுவில் (அரசு உயர்கல்விச் சேர்க்கை விண்ணப்பம்) பல்கலைக்கழக இடம் கிடைத்துவிட்டது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், சம்பளச் சீட்டு கிடையாது, ஓட்டம் இருந்தால் காசு. பதிவு நாளன்று கட்ட வேண்டிய பணத்தை நினைத்தாலே தலை சுற்றுகிறது. பிடிபிடிஎன் (தேசிய உயர்கல்வி நிதி) போட்டால் எல்லாம் அரசாங்கமே கொடுத்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். உண்மையா ஐயா?
– ஒரு தாய், பாகான் டாலாம், பட்டர்வொர்த்

வாழ்த்துகள் அம்மா. முதலில் மகளுக்கு ஒரு பாயசம் வைத்துக் கொடுங்கள், அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசலாம்.

அக்கம்பக்கத்தார் சொன்னது பாதிதான் சரி. பிடிபிடிஎன் கொடுப்பது கடன். 1997-இல் அதற்கென்று ஒரு சட்டமே போட்டு ஆரம்பித்த நிதி அது. படிப்பு முடிந்து பன்னிரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கட்ட ஆரம்பிக்க வேண்டும், வருடத்துக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் உண்டு. வட்டிக்குக் கொடுப்பவனிடம் போய் நிற்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை, அதனால் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் மானியம் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். அப்படிப் போட்டுவிட்டு, வேலைக்குப் போய்க் கல்யாணமும் ஆன பிறகு வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பார்த்து, ‘இது என்ன சார், திருப்பிக் கட்டணுமா?’ என்று என்னிடமே வந்து கேட்ட பழைய மாணவர்கள் உண்டு.

வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் எஸ்டிஆர் உதவித் தொகையை உங்கள் குடும்பம் வாங்குகிறதா? கடிதத்தில் எழுதவில்லை. வாங்கினால் அந்தப் பெயர் பட்டியலில் இருப்பதே பெரிய சாட்சி. பிடிபிடிஎன்னில் முழுத் தொகைக்கும் தகுதி வரும், அதோடு அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைக்குப் பதிவு நாளுக்கு முன்னாலேயே 1,500 வெள்ளி (ரிங்கிட்) முன்பணமும் கேட்கலாம். அது தனியாகக் கிடைக்கும் காசு இல்லை, பின்னால் வரும் கடனில் கழித்துக்கொள்வார்கள். இருந்தாலும் பதிவு நாள் என்று ஒரு மலை முன்னால் நிற்கும்போது அது ஒரு கைத்தடி. மகள் பேரில் பிடிபிடிஎன்னின் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு இல்லாமல் அந்த விண்ணப்பம் நகராது, அதை இன்றைக்கே திறந்துவிடுங்கள்.

சரி, திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம் எங்கே இருக்கிறது? நீங்கள் பினாங்கில் இருப்பதால் முதலில் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தைக் கேளுங்கள். உயர்கல்விக்குப் போகும் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு அவர்கள் உதவித்தொகை கொடுத்து வருகிறார்கள். அப்புறம் உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம். இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவும் பி40 (வருமானத்தில் அடிமட்ட 40 விழுக்காடு) இந்திய மாணவர்களுக்கென்று அவ்வப்போது விண்ணப்பம் திறக்கும், திறந்திருக்கும் நாள்கள் குறைவு, அதனால் பக்கத்து வீட்டுப் பையன் யாராவது அதைக் கவனித்துச் சொல்லும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். 1966-இல் தொடங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் அறவாரியம் பி40 குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கிறது. 1970-இல் தொடங்கிய குவோக் அறவாரியமும் இனம் பார்க்காமல் கஷ்டத்தைப் பார்த்துக் கொடுக்கும், சிலருக்கு மானியமாக, சிலருக்குக் கடனாக. கடைசியாக, மகள் பதிவு செய்த முதல் வாரமே எச்இபி என்கிற மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போய் நிற்கட்டும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஸகாத் நிதி இருப்பதுபோல மற்றவர்களுக்கு மாணவர் நல நிதி என்று ஒன்றைப் பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. சுவரொட்டி அடித்து ஒட்ட மாட்டார்கள், கேட்டால்தான் தெரியும்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன், அது சம்பளச் சீட்டு.

பல வருடத்துக்கு முன் என் மாணவன் ஒருவன் ஓர் உதவிக்கு விண்ணப்பித்தான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், நல்ல மாதத்திலேயே 1,800 வெள்ளி தாண்டாது. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது, எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நகலை எடுத்துப் பார்த்தால் வருமானம் என்ற இடத்தில் அப்பா தன் கையாலேயே 4,000 என்று எழுதியிருக்கிறார். கேட்டதற்கு, ‘பையன் படிக்கிற இடத்துல நம்மள பிச்சைக்காரன்னு நெனச்சிடக் கூடாதுல்ல சார்’ என்றார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வருடம் அந்தப் பையனுக்குப் போக வேண்டிய பணம் வேறு யாருக்கோ போய்விட்டது. பாரத்தைப் படிப்பவருக்கு உங்களைத் தெரியாது அம்மா, அவர் கண்ணுக்குத் தெரிவது காகிதம் மட்டும்தான். இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

சீட்டு இல்லாதவர்களுக்கு வழி இருக்கிறது. லாரி முதலாளியிடம் ‘மாதம் சராசரி இவ்வளவு கொடுக்கிறேன்’ என்று கடைத் தாளில் ஒரு கடிதம். அது முடியாதென்றால் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்துப் போட்ட வருமான உறுதிமொழி. கூடவே ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை. கையில் வாங்கும் காசை வங்கியில் போடும் பழக்கம் வீட்டுக்காரருக்கு இல்லையென்றால் இந்த மாதத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள், அடுத்த வருட விண்ணப்பத்துக்கு உதவும். எல்லா நகல்களிலும் தலைமையாசிரியரிடமோ கிராமத் தலைவரிடமோ சான்றொப்பம் வாங்கி, ஐந்து செட் எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு உதவிக்கும் முதலிலிருந்து ஓடினால் மூன்றாவது இடத்தில் மூச்சு வாங்கிவிடும், அதோடு விட்டுவிடுவீர்கள்.

‘உபகாரச் சம்பளம் கண்டிப்பாக வாங்கித் தருகிறேன், கோட்டா இருக்கிறது’ என்று ஒருவர் 300 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், செகாம்புட்

கொடுக்காதீர்கள். நான் மேலே சொன்ன எந்த இடத்திலும் இடைத்தரகருக்கு வேலை இல்லை. உங்கள் அடையாள அட்டை நகலையும் அவர் கேட்டிருப்பாரே? அதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், வங்கிக் கணக்கின் மீது ஒரு கண் இருக்கட்டும்.

அப்பா என் பன்னிரண்டாவது வயதிலேயே வீட்டை விட்டுப் போய்விட்டார். சட்டப்படி விவாகரத்து ஆகவில்லை. அம்மா ஒரு கேன்டீனில் வேலை செய்கிறார். எந்தப் பாரத்தை எடுத்தாலும் அப்பாவின் சம்பளச் சீட்டு கேட்கிறது. அப்பா இறந்துவிட்டார் என்று எழுதிவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.
– மாணவி, சுங்கை டுவா

தங்கச்சி, அப்படி எழுதிவிடாதே. அம்மா எந்த மனநிலையில் அதைச் சொல்லியிருப்பார் என்று எனக்குப் புரிகிறது, ஆனால் பதிவு இலாகாவில் அவர் உயிரோடு இருக்கிறார். ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டால் நீ எழுதிய மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்கள்.

அந்தக் கட்டத்தைக் காலியாகவும் விடாதே. காலியாக இருந்தால் ‘ஆவணம் முழுமையில்லை’ என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள், காரணம் கேட்டு யாரும் போன் பண்ண மாட்டார்கள். அந்த இடத்தில் ‘இணைப்புக் கடிதம் பார்க்க’ என்று எழுது. இணைப்பில் அம்மாவின் சத்தியப் பிரமாணம் இருக்கட்டும்: கணவர் எந்த வருடம் பிரிந்து போனார், அதிலிருந்து பணம் எதுவும் தரவில்லை, எங்கே இருக்கிறார் என்று தெரியாது, வீட்டுச் செலவு முழுக்கத் தன் வருமானத்தில்தான் நடக்கிறது. நான்கு வரி போதும். அதற்கு வலுச் சேர்க்க வெளி ஆள் ஒருவரின் கடிதம் வேண்டும், உன் பள்ளி ஆலோசக ஆசிரியர் எழுதலாம், கிராமத் தலைவர் எழுதலாம். சமூகநல இலாகாவில் அம்மா எப்போதாவது உதவி வாங்கியிருந்தால் அந்தக் கடிதம் தங்கம் மாதிரி, தேடி எடு. எஸ்டிஆர் பதிவில் இன்னும் அப்பா பெயர் குடும்பத் தலைவராக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள், அங்கே ஒன்றும் இங்கே ஒன்றும் இருந்தால் சிக்கல்.

இன்னொன்று. பாரம் கொடுக்கப் போகும்போது கவுன்டரில் நாலு பேர் காதில் விழ இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்குமோ என்று நீ பயந்திருப்பதாக எழுதியிருக்கிறாய். தனியாகப் பேச வேண்டும் என்று கேள், கேட்கும் உரிமை உனக்கு இருக்கிறது. அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் உன் கதை மாதிரி நூறு கதை கேட்டிருப்பார்.

குடும்ப வருமானம் 6,200 வெள்ளி. மூன்று பிள்ளைகள், இருவர் ஒரே நேரத்தில் கல்லூரியில். எங்கே பார்த்தாலும் பி40, பி40 என்றுதான் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் என்ன, மரத்திலா காசு பறிக்கிறோம்?
– ஒரு தந்தை, செந்தூல்

கோபம் நியாயமானது. புள்ளிவிவரத் துறையின் 2022 கணக்கெடுப்பின்படி குடும்ப வருமானம் சுமார் 5,250 வெள்ளிக்குக் கீழே இருந்தால்தான் பி40. கோலாலம்பூரில் வாடகையும் கொடுத்து இரண்டு பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணமும் கட்டுபவருக்கு அந்தக் கோட்டுக்கு மேலே ஆயிரம் வெள்ளி கூடுதலாக இருப்பது என்ன வசதி? கோடு போட்டு நாட்டை மூன்றாகப் பிரித்தால் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் அடி வாங்குவார்.

ஆனால் எல்லாரும் அந்தக் கோட்டை மட்டுமே பார்ப்பதில்லை. பிடிபிடிஎன் எம்40 என்கிற நடுத்தர வருமானக் குடும்பத்துக்கும் உண்டு, தொகை குறையும், அவ்வளவுதான். தனியார் அறவாரியங்கள் பல, ஒரு வருமானத்தை நம்பி எத்தனை வயிறு இருக்கிறது, வீட்டில் நோயாளி உண்டா, இன்னொரு பிள்ளையும் படிக்கிறதா என்று கேட்கும். பெரியவர் படிக்கும் கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தையும் கட்டண ரசீதையும் சின்னவரின் விண்ணப்பத்தோடு இணையுங்கள், பலர் இதைச் செய்வதில்லை. தனியார் கல்லூரி என்றால் சேருவதற்கு முன்னாலேயே கட்டணக் கழிவு கேளுங்கள், ஒரே குடும்பத்து இரண்டாவது பிள்ளைக்குக் கழிவு கொடுக்கும் கல்லூரிகள் உண்டு. சேர்ந்து, பணமும் கட்டிய பிறகு கேட்டால் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

ஊழியர் சேமநிதியில் பிள்ளைகள் படிப்புக்கென்று எடுக்க வழி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024 மே மாதம் கணக்குகளைப் பிரித்தார்களே, அதில் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். என்னைக் கேட்டால் அது கடைசி வழி. உங்கள் முதுமைக்கு யாரும் மானியம் கொடுக்கப் போவதில்லை.

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த என் அத்தை மகன் பெல் கிராண்ட் என்று ஒன்று வாங்கிப் படிக்கிறான், திருப்பிக் கட்ட வேண்டாமாம். நான் அங்கே படிக்கப் போனால் எனக்கும் கிடைக்குமா?
– எஸ்டிபிஎம் (ஆறாம் படிவ) மாணவர், ஜார்ஜ் டவுன்

கிடைக்காது தம்பி. அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரவாசம் போன்ற தகுதி உள்ளவர்களுக்கும்தான் அது. மாணவர் விசாவில் போகிறவருக்கு இல்லை.

ஆனாலும் அந்தத் திட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் வறுமையைப் பார்த்துக் கொடுக்கும் மானியம் என்றால் உலகத்தில் பலரும் அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். 1972-இல் வேறு பெயரில் ஆரம்பித்தது, 1980-இல் அதற்காகப் பாடுபட்ட கிளைபோர்ன் பெல் என்ற செனட்டரின் பெயரை வைத்தார்கள். 2024-25 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். ஃபாஃப்சா என்று ஒரே ஒரு பாரம், கட்டணம் இல்லை. குடும்ப வருமானம், எத்தனை பேர், இதையெல்லாம் வைத்து ஓர் எண் கணக்கிடுவார்கள், அந்த எண்ணை வைத்துத்தான் தொகை முடிவாகும். அங்கேயும் தகுதி இருந்தும் பாரமே நிரப்பாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நம் ஊரில் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

உனக்கு வேறு கதவு இருக்கிறது, கொஞ்சம் குறுகலான கதவு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவர் என்றாலும் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் சேர்க்கையை முடிவு செய்துவிட்டு, சேர்ந்தவருக்குத் தேவைப்படும் அளவுக்குத் தங்கள் சொந்த நிதியிலிருந்து கொடுக்கின்றன. உள்ளே நுழைவதுதான் குதிரைக்கொம்பு. மற்றப் பல கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டாலே சேர்க்கை வாய்ப்பு குறையும், அதையும் தெரிந்துகொண்டு முடிவு செய். கோலாலம்பூரில் 1963 முதல் இருக்கும் மேசி என்ற மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தில் ஆலோசனை கேட்டுப் பார், ஏஜென்ட் கடைக்குப் போவதற்கு முன்னால்.

அத்தை மகன் கிடைத்ததைச் சொல்லிக் கடுப்பேற்றினால், நம் அரசுப் பாலிடெக்னிக்கில் ஒரு பருவத்துக்குக் கட்டணம் 200 வெள்ளி என்று சொல். அவன் நம்ப மாட்டான்.

எதற்கு இவ்வளவு சுற்றி வளைத்து எழுதுகிறீர்கள்? நம்மவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.
– வாசகர், கிள்ளான்

சில கதவுகள் நமக்கு இல்லை என்பது உண்மை. மாரா என்ற அரசு நிறுவனத்தின் உதவி பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும்) மட்டும்தான், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அதே நேரத்தில் 2024-இல் எஸ்பிஎம் என்கிற ஐந்தாம் படிவத் தேர்வில் 10 ஏ எடுத்த எல்லா மாணவருக்கும், எந்த இனமானாலும், மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தாரே, அது நமக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் வரியோடு நான் ஒத்துப்போகாத இடம் வேறு. நாமே வைத்திருப்பதையே நாம் கேட்பதில்லை. 1960-இல் துன் சம்பந்தன் தோட்டத்துக்குத் தோட்டம் போய் மாதாமாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து ஆரம்பித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், அங்கத்தினர்களின் பிள்ளைகள் படிப்புக்கு உதவுகிறது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ அங்கத்தினராக இருந்தார்களா, அந்தப் பங்கு இப்போது யார் பெயரில் இருக்கிறது? சனிக்கிழமை வரும் பத்துக் குடும்பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதற்குப் பதில் தெரியாது. அலமாரிக்குள் அந்தப் பழைய பங்குப் புத்தகம் கிடக்கும். ம.இ.கா. கட்சியின் கல்விப் பிரிவாக 1984-இல் தொடங்கிய எம்ஐஇடி இருக்கிறது, கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைக் கட்டியதும் அவர்கள்தான், அங்கேயும் கல்விக் கடனும் உதவியும் உண்டு. கட்சி பிடிக்கவில்லை என்பதற்காகப் பாரத்தைக் கிழித்துப் போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். பாரம் என்ன பாவம் செய்தது?

பாரத்தில் ‘உங்களுக்கு ஏன் உதவி தேவை’ என்று 200 சொல்லில் எழுதச் சொல்லியிருக்கிறது. ‘நான் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன், வாழ்க்கை ஒரு போராட்டம்’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா சார்?
– மாணவர், புக்கிட் மெர்தாஜாம்

மொழி நன்றாக இருக்கிறது, மேடையில் பேசினால் கைதட்டுவார்கள். ஆனால் படித்து முடித்த பிறகும் உங்கள் வீட்டில் எவ்வளவு பணம் குறைகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

கணக்காக எழுது. உதாரணத்துக்கு இப்படி: அப்பா வருமானம் மாதம் 2,300 வெள்ளி. வாடகை 600, சாப்பாடு 900, தண்ணீர் மின்சாரம் போன் 200, மோட்டார் தவணை 220, தம்பி தங்கைக்குப் பள்ளி வேன் 180, பாட்டிக்கு மருந்து 150. மிச்சம் 50 வெள்ளி. இந்தப் பருவத்துக்கு நான் கட்ட வேண்டியது இவ்வளவு, பிடிபிடிஎன் வந்தால் இவ்வளவு கிடைக்கும், அப்படியும் இவ்வளவு துண்டு விழுகிறது. இந்த ஆறேழு வரியைப் படிப்பவர் இன்னும் ஐந்நூறு பாரம் படிக்க வேண்டியவர், அவருக்கு நீ நேரம் மிச்சம் பண்ணிக் கொடுக்கிறாய்.

நீ விடுமுறையில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) கடை போட்டு உதவியதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதை மேலே கொண்டு வா. எவ்வளவு சம்பாதித்தாய், அதை என்ன செய்தாய் என்று சேர்த்துக்கொள். போராட்டம் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடு, நாலு இடத்தில் வருகிறது.

மலாயில் எழுதியதில் மூன்று எழுத்துப்பிழை இருந்தது, வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன். திருத்திய பிரதியை இந்தச் சனிக்கிழமை மண்டபத்துக்கு எடுத்து வா, பத்து மணிக்கு மேல் இருப்பேன். அப்பாவின் வங்கி அறிக்கையை மறக்காதே.